ஆவுளியா காப்பகத்துல தூண்டில் போடலாமுங்களா?

நொய்யல்கரை எழுதியது:

வணக்கமுங்க. கோபி, பெருந்துறை, காங்கேயம் பக்கமிருந்து சனிக்கிழமை ராத்திரி கிளம்பி, விடியக்காலை மல்லிப்பட்டினத்துலயோ மண்டபத்துலயோ இறங்கித் தூண்டில் போட்டுட்டு, ஞாயிறு ராத்திரி வீடு திரும்புற கூட்டம் இப்ப பெருகிப் போச்சு. ஆனா ஒவ்வொரு வாட்ஸ்அப் குழுவுலயும் ஒவ்வொரு சேதி ஓடுது. பாக் விரிகுடாவை ஆவுளியா (கடல் பசு) காப்பகமா அறிவிச்சுட்டாங்க, இனி அங்க தங்கூசியே (தூண்டில் நூலே) நனையக் கூடாதுங்கறாங்க சிலபேர். மன்னார் வளைகுடா மட்டும்தான் மூடல், இந்தப் பக்கம் ஒண்ணுமில்லைங்கறாங்க வேற சிலபேர். தனுஷ்கோடியும் சரணாலயம் ஆயிருச்சுன்னு ஒரு பேச்சு.

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. எந்தத் தண்ணியில சட்டப்படி தூண்டில் போடலாம், எதுல கூடாது? புதுசா ஒரு பகுதியை அறிவிக்கப் போறாங்கன்னா, கடலே இல்லாத ஊருக்காரங்க நாம எங்க போய் ஆட்சேபம் சொல்றது, நம்ம பேச்சு எடுபடுமா? அப்புறம், கடற்புல் இருக்கற எடத்துல எதுக்கும் சேதமில்லாம மீன் பிடிக்க என்ன சாமான் கட்டணும்? கடலுக்குப் போக முடியாத வாரத்துல நம்ம பக்கத்து அணை, குளம் எதெது ஆகும்னும் சொன்னா நல்லா இருக்கும்.

கூடுதுறை எழுதியது:

தம்பி, எல்லாத்தையும் 'பாதுகாக்கப்பட்ட பகுதி'ன்னு ஒரே சாக்குல போட்டுக் கட்டாதீங்க. குழப்பமே அங்கதான். 1972ஆம் வருச வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல தேசியப் பூங்கா, சரணாலயம், காப்பகம்னு வகை வகையா இருக்கு. மீன் பிடிக்கறவனுக்கு இந்த ஒவ்வொண்ணும் தனித்தனி உலகம்.

மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986ல அறிவிச்சது. ராமேஸ்வரம் பக்கத்துலருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவும், அதைச் சுத்தின ஆழம் குறைஞ்ச தண்ணியும், மொத்தம் 560 சதுர கி.மீ. அங்க பேச்சுக்கே எடமில்லை. அனுமதி இல்லாம உள்ள போறதே குத்தம். மீனைப் பிடிச்சுத் திரும்ப விட்டுட்டேன்னு சொன்னாலும் தப்பிக்க முடியாது. வேட்டைங்கற சொல்லுக்குச் சட்டம் சொல்ற பொருள்ல பிடிக்கறதும் வருது, பிடிக்க முயற்சி பண்றதும் வருது. இந்தப் பூங்காவோட எல்லை கரையிலருந்து இத்தனை கி.மீ.னு போட்டதில்லை, ஆழத்தை வெச்சுப் போட்டது. தீவுக்குக் கரைப்பக்கம் மூணரைப் பாகம், கடல்பக்கம் அஞ்சு பாகம். ஒரு பாகம் 1.83 மீட்டர்னு வெச்சுக்குங்க. அப்ப கரைப்பக்கம் சுமார் 6.4 மீட்டர், கடல்பக்கம் சுமார் 9.1 மீட்டர். இதை 1989ல அறிவிச்ச 10,500 சதுர கி.மீ. உயிர்க்கோளக் காப்பகத்தோட போட்டுக் குழப்பிக்கறவங்க நிறைய. அந்தப் பெரிய வட்டம் முழுசும் தடை இல்லை. தடை பூங்காவுக்குள்ளதான்.

நீங்க கேட்ட ஆவுளியா காப்பகம் 2022 செப்டம்பர் 21ல அறிவிச்சது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்துல, அதிராம்பட்டினம் தொடங்கி அம்மாபட்டினம் வரைக்கும், 448 சதுர கி.மீ. இது சட்டத்துல 36அ பிரிவு. இந்தப் பிரிவை ஒருதடவை நிதானமாப் படிச்சுப் பாருங்க. சரணாலயத்துக்குன்னு இருக்கற விதிகள்ல எதெது காப்பகத்துக்கும் பொருந்தும்னு அதுலயே எண் போட்டுச் சொல்லியிருக்கு. 27ஆம் பிரிவுல இரண்டு, மூன்று, நான்கு உட்பிரிவு வருது. அதாவது குத்தம் நடக்காம பாத்துக்கணும், எல்லைக்குறியைச் சேதம் பண்ணக் கூடாது, விலங்கைச் சீண்டக் கூடாது, குப்பை போடக் கூடாது. தீ வைக்கறதைத் தடுக்கற 30 வருது. வெடி, விஷம் மாதிரிக் கெடுதலான பொருளைத் தடுக்கற 32 வருது. வனவிலங்கு நலனுக்கு வேண்டிய நடவடிக்கை எடுக்கற அதிகாரம் 33லருந்து கொஞ்சம் வருது. ஆனா நுழைவுக்கு அனுமதி கேக்கற 27(1) வரலை, எந்த உயிரையும் எடுக்கக் கூடாதுங்கற 29 வரலை. அதனாலதான் அங்க நாட்டுப்படகுக்காரங்க இன்னிக்கும் தொழிலுக்குப் போறாங்க. தூண்டிலுக்குன்னு தனித் தடை அந்தப் பிரிவுல இல்லை.

இல்லைங்கறதுக்காக என்ன வேணா பண்ணலாம்னு ஆகாது. ஆவுளியா அதே சட்டத்தோட அட்டவணை ஒண்ணுல, அதாவது ரொம்பக் கடுமையான பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கற உயிர். கடல் அட்டை, கடல் குதிரை, வேளா (ரம்ப மீன்), பெரும்புள்ளிச் சுறா (திமிங்கலச் சுறா) எல்லாம் பட்டியல்ல உண்டு. இதெல்லாம் காப்பகத்துக்கு உள்ள, வெளியன்னு இல்லை, எங்க பிடிச்சாலும் குத்தம்தான். தூண்டில்ல தப்பிப் பிடிபட்டா தண்ணியில இருக்கறப்பவே தங்கூசியை அறுத்து விட்டுருங்க. படகுல ஏத்தி, போட்டோ எடுத்து, அப்புறம் விடலாம்னு நெனைக்கறதுதான் வம்பை வெல கொடுத்து வாங்கறது. 2022 திருத்தத்துக்கு அப்புறம் பொதுவான அபராதம் 25,000லருந்து ஒரு லட்சமா ஏறியிருக்கு. அட்டவணை ஒண்ணு உயிருக்கும், பூங்கா, சரணாலயத்துக்குள்ள பண்ற வேட்டைக்கும் மூணு வருசத்துக்குக் குறையாத ஜெயில்.

தனுஷ்கோடி விசயம் உண்மைதான். 2025 ஜூன்ல பெரும் பூநாரை சரணாலயம்னு 524.7 ஹெக்டேர் அறிவிச்சாங்க. அது சரணாலயம், அதனால 29 பொருந்தும். தனுஷ்கோடி முழுக்கவா, ஒரு பகுதியாங்கறதைப் பலகை பாத்து முடிவு பண்ணாதீங்க. அறிவிக்கையில எல்லை விவரம் இருக்கும், இல்லைன்னா வனச்சரக அலுவலகத்துல கேட்டா ஒரே நிமிசத்துல சொல்லிருவாங்க. பூநாரை இரை தேடற உள்தண்ணியில தூண்டிலோட இறங்காதீங்க.

ஆழியாத்துக்காரன் எழுதியது:

அண்ணன் சட்டத்தைச் சொல்லிட்டாரு. நான் சாமானும் காத்தும் சொல்றேனுங்க.

காத்துலருந்து ஆரம்பிக்கறேன். ராமேஸ்வரம் தீவுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கடல். மே கடைசியிலருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குக் காத்து, அப்ப மன்னார் பக்கம் கொந்தளிக்கும், பாக் பக்கம் அடங்கியிருக்கும். அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் வாடைக்காத்து, அப்படியே தலைகீழாகும். தீபாவளி லீவுல மல்லிப்பட்டினத்துக்கு வண்டி எடுத்துட்டுப் போய்ச் சேறு கலங்கின தண்ணியைப் பாத்துட்டுத் திரும்பறவங்க இந்தக் கணக்கைப் பாக்காதவங்க. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கிழக்குக் கரையில விசைப்படகுத் தடை. பள்ளிக்கூட லீவும் அதே சமயம் வர்றதால படகு பேசறப்ப இதை மறந்துராதீங்க. கரையில நின்னு தூண்டில் போடறதுக்கு இந்தத் தடை இல்லை. கிளம்பறதுக்கு மொத நாள் ராத்திரி கடல் நிலவரம் சொல்ற மத்திய அரசோட இன்காய்ஸ் தளத்துல அலை எச்சரிக்கையைப் பாத்துருங்க.

இப்ப சாமான். பாக் விரிகுடா பெரும்பாலும் பத்து மீட்டருக்குள்ள. அடியில மணல் திட்டும் கடற்புல்லும் மாறி மாறி இருக்கும், அந்தப் புல்லை அங்கத்தவங்க தாழைன்னு சொல்வாங்க. ஆவுளியா மேயறது இதைத்தான். நம்ம சாமான்ல தாழைக்குக் கெடுதல் பண்றது மூணு: நங்கூரம், மூணு முள்ளுக் கொக்கி, அடியில இழுபடற ஈயம்.

நங்கூரத்துக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. வெயில் ஏறினதும் போலரைஸ்ட் கண்ணாடி போட்டுப் பாருங்க. வெளிறித் தெரியறது மணல், கருப்பாத் தெரியறது தாழை. நங்கூரத்தை வெளிறின திட்டுல மட்டும் போடச் சொல்லுங்க, கயிறு ஆழத்தைப் போல மூணு மடங்காவது விடணும். கயிறு குட்டையா இருந்தா நங்கூரம் பிடிக்காம இழுபட்டு, ஒரு பாத்தி அளவுக்குப் புல்லை உழுதுரும். ஆழம் ரெண்டு மீட்டருக்குள்ளன்னா நங்கூரமே வேண்டாம், மரக்கோல் ஊனி நிறுத்தச் சொல்லலாம்.

கம்பு எட்டுலருந்து ஒம்போது அடி, 4000 அளவு ரீல், பி.இ. 2 பின்னல் நூல். அது சுமார் 30 பவுண்டு, அதாவது 13.5 கிலோ தாங்கும். ரீல் பிடிப்பை (மீன் இழுத்தா நூல் விடற இறுக்கத்தை) அதுல மூணுல ஒரு பங்குக்கும் கீழ, 4 கிலோவுல வைங்க. கண்ணாலப் பாத்து வைக்காதீங்க. பெட்டி எடை போடற கைத்தராசை நூல் நுனியில மாட்டி இழுத்துப் பாத்தா நெசம் தெரிஞ்சுரும். லீடர் (முள்ளுப் பக்கம் சேக்கற துண்டு நூல்) 50 பவுண்டு ஃப்ளோரோகார்பன், ஒண்ணரை மீட்டர். ரெண்டையும் எஃப்.ஜி முடிச்சுல சேத்துங்க, இருபது சுத்து. இந்த முடிச்சு நழுவுதுன்னா காரணம் ஒண்ணுதான்: சுத்தறப்ப நூல் தளர்ந்திருக்கும். சுத்தி முடிச்சதும் எச்சில் தொட்டு நனைச்சு ரெண்டு கையாலயும் இறுக்கினா பின்னல் நூலோட நிறம் கருத்துத் தெரியும். நிறம் மாறலைன்னா அந்த முடிச்சை நம்பாதீங்க, அவிழ்த்து மறுபடி போடுங்க. ஊளி இருக்கற எடமா இருந்தா நுனியில ஒரு சாண் எஃகுக் கம்பி போட்டுக்குங்க, அதோட பல்லுக்கு ஃப்ளோரோகார்பன் நிக்காது.

லூர்ல (செயற்கை இரையில) வர்ற மூணு முள்ளுக் கொக்கியைக் கழட்டிட்டு ஒத்தை முள்ளு மாட்டுங்க. இதுல எல்லாரும் சறுக்கற எடம் ஒண்ணு இருக்கு. முள்ளு எடை கூடினா மிதக்கற லூர் மூழ்கிரும், கொறைஞ்சா நீந்தற ஆட்டமே போயிரும். கழட்டின ரெண்டு கொக்கியோட எடையையும் மாட்டற ரெண்டு முள்ளோட எடையையும் நகைத்தராசுல போட்டுச் சமம் பாருங்க, அப்புறம் வீட்டு வாளித் தண்ணியில ஒருதடவை விட்டுப் பாருங்க. முள்ளு நுனிக்குக் கீழ பின்பக்கமாத் திரும்பி நிக்கற சின்னக் கொக்கியைக் குறட்டால நசுக்கிருங்க. தாழைக்கு மேல ரப்பர் மீன் ஓட்டறதா இருந்தா, முள்ளு நுனியை ரப்பருக்குள்ளயே பொதைச்சுக் கட்டணும். அப்ப புல்லு மாட்டாது, மீன் கடிச்சு அமுங்கறப்ப மட்டும் நுனி வெளிய வரும். ஈயத் தலை 10 கிராமுக்கு மேல வேண்டாம்.

உயிர் இரை போடறவங்க 5/0 வட்ட முள்ளு போடுங்க, தக்கையில தொங்க விட்டு. வட்ட முள்ளுல கடிச்சதும் சுண்டி இழுக்கறதுதான் நம்மாளுங்க பண்ற தப்பு. சுண்டினா முள்ளு வாயை விட்டு வந்துரும், இல்லைன்னா தொண்டையில மாட்டும். நூல் டைட்டாகற வரைக்கும் ரீலைச் சுத்திட்டே இருந்தாப் போதும், தாடை ஓரத்துல அதுவே மாட்டிக்கும்.

அறுந்த தங்கூசியை ஒரு துண்டு விடாம ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல சேத்து வீட்டுக்குக் கொண்டு வந்துருங்க. ஆமைக்கும் ஆவுளியாவுக்கும் அதுதான் எமன். ஆவுளியா மேல வந்து மூச்சு விடறதைப் பாத்தா லூரை எல்லாம் மேல எடுத்துட்டு, இன்ஜினை நிறுத்திட்டு நில்லுங்க. அதை ஓட்டிப் படம் எடுக்கறது சட்டப்படி சீண்டறதுதான்.

இன்னொண்ணு, மீன்பிடிப் படகுன்னா அது ஆள் ஏத்தற படகு இல்லை. எது நடந்தாலும் காப்பீடு நிக்காது. லைஃப் ஜாக்கெட் நம்ம கையிலருந்தே கொண்டு போறது நல்லது. ஆதார் எல்லார் கையிலயும் இருக்கணும், கடலோரக் காவல்காரங்க கேப்பாங்க. கடலோரப் போலீஸ் 1093, கடலோரக் காவல்படை 1554, ரெண்டையும் போன்ல போட்டு வைங்க. கிழக்கால ரொம்ப ஒதுங்காதீங்க, இலங்கையோட எல்லைக்கோடு அந்தப் பக்கம்தான்.

வாய்க்கால்மேடு எழுதியது:

மேல சொன்னதோட ஒரு விசயத்துல எனக்கு ஒத்துவரலைங்க. பிடிச்சு விடற தூண்டிலையும் வேட்டைன்னு ஒரே அடியா மூடினதால யாருக்கு என்ன லாபம்? காவிரியில கர்நாடகப் பக்கம் காலிபோர், பீமேஸ்வரி, தொட்டமாக்களின்னு தூண்டில் முகாம் பல வருசம் ஓடுச்சு. பிடிச்ச மஹ்சீர் கெண்டையை எடை போட்டு, ஏட்டுல எழுதி, திரும்ப விட்டாங்க. ஆத்துல ஆள் நடமாட்டம் இருந்ததால வெடி வைக்கறவன் கிட்ட வரலை. 2010களோட தொடக்கத்துல சரணாலயத்துக்குள்ள தூண்டில் கூடாதுன்னு அதையெல்லாம் நிறுத்திட்டாங்க.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, மஹ்சீர் கொறைஞ்சு போன கதையை நமக்குச் சொன்னதே அந்தத் தூண்டில்காரங்க ஏடுதான். காலிபோர்ல 1998லருந்து 2012 வரைக்கும் எழுதி வெச்ச பிடிப்புக் கணக்கை வெச்சுத்தான் 2015ல ஆய்வு வந்துச்சு. வெளியிலருந்து கொண்டு வந்து விட்ட நீலத் துடுப்பு மஹ்சீர் பெருகி, இந்த ஆத்துக்கே உரிய திமில் மஹ்சீர் அத்துப்போற நிலைக்கு வந்தது அதுல தெரிஞ்சுது. அந்தத் திமில் மஹ்சீருக்கு அறிவியல் பேர் உறுதியானது 2018ல, அதே வருசம் மிக அருகிய இனம்னு சிவப்புப் பட்டியல்ல ஏறுச்சு. அது இன்னும் மிச்சம் இருக்கற எடங்கள்ல ஒண்ணு நம்ம மோயாறு.

அதனால கடலுக்குப் போறவங்களும் ஏடு போடுங்கன்னு சொல்றேன். தேதி, எடம், எத்தனை கம்பு, எத்தனை மணி நேரம், என்ன மீன், நீளம், விட்டதா எடுத்ததா. நாலு கம்பு அஞ்சு மணி நேரம்னா 20 கம்பு-மணி, அதுல ஆறு பாரைன்னா ஒரு கம்பு-மணிக்கு 0.3. இதுல மகா தப்பு, ஒண்ணும் கிடைக்காத நாளை எழுதாம விடறது. அந்தச் சைபர் இல்லைன்னா வருசா வருசம் மீன் பெருகற மாதிரியே கணக்கு காட்டும். நீளத்தை மூக்கு நுனியிலருந்து வால் கவட்டை வரைக்கும் அளங்க, ஆள் மாறினாலும் அளக்கற முறை மாறக் கூடாது. நாளைக்குப் புதுப் பகுதி ஒண்ணைப் பத்திப் பேச்சு வந்தா, கையில வெச்சுக் காட்ட இதை விட வேற என்ன இருக்கு?

கூடுதுறை எழுதியது:

மஹ்சீர் ஏட்டு விசயம் சரிதான் தம்பி, மறுக்கலை. ஆனா சரணாலயத்துக்குள்ள தூண்டிலுக்கு வழி விடற ஓட்டை இப்ப சட்டத்துல இல்லை. அதை மாத்தணும்னு வாதாடறது வேற, இருக்கறப்பவே போய் நிக்கறது வேற. மோயாத்துல தூண்டிலோட பிடிபட்டு ஏட்டை எடுத்து நீட்டினா, அது சாட்சி ஆகாது, ஒப்புதல் வாக்குமூலம் ஆயிரும்.

ஆட்சேபம் எங்க சொல்றதுன்னு கேட்டீங்க. இதுவும் வகையைப் பொறுத்ததுதான்.

சரணாலயம்னா 18ஆம் பிரிவுல உத்தேச அறிவிக்கை வரும். அப்புறம் கலெக்டர் 60 நாளுக்குள்ள ஊர் மொழியில விளம்பரம் பண்ணணும். அதுலருந்து ரெண்டு மாசத்துக்குள்ள உரிமை கோரலாம். கவனிங்க, கோரக் கூடியது உரிமை உள்ளவங்க. பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடறது உரிமைக் கணக்குல வராது. கடல்ல சரணாலயம் போடணும்னா இன்னும் ரெண்டு பூட்டு இருக்கு: மத்திய அரசு ஒப்புதலும், கடற்படையோட தலைமை நீர்வரைவாளர் கிட்டக் கலந்து எல்லை குறிக்கறதும். அதோட, உள்ளூர் மீனவர்களோட தொழில் நலனைக் காக்க ஏற்பாடு பண்ணின பின்னாடிதான் எல்லை போடணும்னு 26அ பிரிவே சொல்லுது. அந்த வார்த்தையை நல்லாப் பாருங்க: தொழில் நலன், உள்ளூர் மீனவர். நாம ரெண்டும் இல்லை.

காப்பகம்னா உள்ளூர்ச் சமுதாயங்களோட கலந்து பேசின பின்னாடி அறிவிக்கணும். அதுலயும் நம்ம பேர் வராது. ஆனா அறிவிச்ச பின்னாடி மேலாண்மைக் குழு ஒண்ணு உண்டு, 36ஆ பிரிவு. வனத்துறை ஆள் ஒருத்தர், அந்தப் பகுதி ஊராட்சி ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தர், தொண்டு நிறுவனத்துலருந்து மூணு பேர், வேளாண்துறைக்கு ஒருத்தர், கால்நடைத்துறைக்கு ஒருத்தர். மீன்வளத்துறைக்கு அந்தப் பட்டியல்ல எடமே இல்லை! காட்டை மனசுல வெச்சு எழுதின பிரிவை அப்படியே கடல்ல இறக்கினா இப்படித்தான். கடல் பசுவுக்கு மாட்டு டாக்டர் இருக்கட்டும்னு விட்டுட்டாங்க போல. நீங்க வழக்கமாப் போற ஊரோட ஊராட்சித் தலைவர்தான் அந்தக் குழுவுல நமக்குத் தெரிஞ்ச ஒரே ஆளா இருப்பாரு. ஒத்தை முள்ளு, தாழையில நங்கூரம் கிடையாதுன்னு நாமளா எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் கையில கொடுத்தா, மேலாண்மைத் திட்டம் எழுதறப்ப அதுக்கு ஒரு மதிப்பு உண்டு.

யார் வேணாலும், கோபியிலருந்து கூட, ஆட்சேபம் அனுப்பற எடம் ஒண்ணே ஒண்ணு: சரணாலயம், பூங்காவைச் சுத்தி சூழல் உணர்திறன் மண்டலம் போடறதுக்கான வரைவு அறிவிக்கை. அது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிடறது, 60 நாள் அவகாசம். அறிவிக்கை எண், பத்தி எண் போட்டு, எந்த வாக்கியத்தை எப்படி மாத்தணும்னு எழுதணும். "தூண்டிலைத் தடை செய்யாதீர்கள்"னு ஆயிரம் பேர் ஒரே கடுதாசியை அனுப்பினா அது ஒரு கடுதாசிதான். "தடை செய்யப்பட்டவை பட்டியலில் மீன் பிடித்தல் என்பதை வலை கொண்டு மீன் பிடித்தல் என மாற்றுக"ன்னு காரணத்தோட ஒருத்தர் எழுதினா யாராவது படிச்சே ஆகணும். வரைவு, வரைபடம் கைக்கு வரலைன்னா 10 ரூபா கட்டணம் கட்டித் தகவல் உரிமையில கேளுங்க, 30 நாள்.

நம்ம பக்கத்து விசயமும் சொல்லிர்றேன். திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022லருந்து பறவைகள் சரணாலயம், 2024ல ராம்சர்ங்கற சர்வதேச ஈரநிலப் பட்டியல்லயும் சேந்துச்சு. வெள்ளோடும் பறவைகள் சரணாலயம்தான், ரெண்டுலயும் தூண்டில் கிடையாது. ராம்சர் பேரால தடை வர்றதில்லை, சரணாலயம்ங்கறதாலதான் வருது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் ஆவுளியா காப்பகம் மாதிரி 36அ வகை இல்லை, அதுக்குள்ள வர்ற மோயாத்துலயும் பவானியிலயும் தூண்டில் கிடையாது. அந்தியூர், பர்கூர் மலைப்பக்கம் 2024 ஜனவரியில தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் வந்துருச்சு, சுமார் 800 சதுர கி.மீ. போன வருசம் போட்ட ஓடைங்கறதுக்காக இந்த வருசமும் போடலாம்னு எண்ணாதீங்க. பவானிசாகர், அமராவதி, ஆழியாறு மாதிரி அணையில மீன் உரிமை மீன் வளர்ச்சிக் கழகத்துக்கோ குத்தகைக்காரருக்கோ இருக்கும், அவங்க கிட்டக் கேட்டுட்டுப் போடணும். அமராவதியில முதலை உண்டு, முழங்கால் தண்ணியிலகூட இறங்காதீங்க. ஊர்க்குளம் ஏலம் போயிருக்கும், குத்தகை எடுத்தவர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டாப் போதும். சத்தியமங்கலத்துக்குக் கீழ, கோபி, பவானி வரைக்கும் ஆத்துல விராலும் கெளுத்தியும் பிடிக்கறதுக்குச் சரணாலயத் தொந்தரவு இல்லை. ஆனா கொடிவேரி மாதிரி அணைக்கட்டுக்குக் கிட்ட நிக்காதீங்க, மேல தண்ணி திறந்தா ஓட நேரம் இருக்காது. ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினா மட்டும் திரும்ப விடாதீங்க.

நொய்யல்கரை எழுதியது:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். நோம்பி லீவுக்கு மல்லிப்பட்டினம்னு முடிவு பண்ணியாச்சு, ஒத்தை முள்ளும் வாங்கியாச்சு. படகுக்காரர் ஒரு எடம் சொன்னாரு, 10 டிகிரி 12 நிமிடம் 30 விநாடி வடக்கு, 79 டிகிரி 20 நிமிடம் கிழக்கு. அதை மேப்புல 10.1230, 79.20ன்னு போட்டா கட்டுமாவடிப் பக்கம் தரை மேல காட்டுது. அவர் தப்பாச் சொல்லிட்டாருங்களா?

ஆழியாத்துக்காரன் எழுதியது:

அவர் சரியாத்தான் சொல்லியிருக்காரு, நீங்க போட்டது தப்பு. நிமிடமும் விநாடியும் அறுபதுக் கணக்கு, அதை அப்படியே புள்ளிக்கு அப்புறம் ஒட்டக் கூடாது. நிமிடத்தை 60ஆலயும் விநாடியை 3600ஆலயும் வகுத்துக் கூட்டணும். 12 வகுத்தல் 60 = 0.2. 30 வகுத்தல் 3600 = 0.0083. ஆக வடக்கு 10.2083. கிழக்கு, 20 வகுத்தல் 60 = 0.3333, ஆக 79.3333. நீங்க போட்ட எடத்துக்கும் இதுக்கும் சுமார் 17 கி.மீ. வித்தியாசம். பூங்கா எல்லையை இப்படிப் போட்டுட்டு வெளியதான் இருக்கோம்னு நெனைச்சு உள்ள போய் நின்னவன் கதைதான் ஆகும்.

அறிவிக்கையில வர்ற எல்லைப் புள்ளிகளையும் இதே மாதிரி மாத்தி, ஒரு தாள்ல எழுதி, வரிசையாப் போன்ல போட்டுக் கோடு இழுத்துக்குங்க. மேப்புல ஏத்தற கே.எம்.எல் கோப்பா எழுதறதா இருந்தா அதுல கிழக்கு எண்தான் முதல்ல வரும், வடக்கு ரெண்டாவது. மாத்திப் போட்டா மேப் உங்களை ஆர்க்டிக் கடல்ல கொண்டு போய் விட்டுரும். மேப்பை வீட்டு வைஃபையிலயே இறக்கி வெச்சுருங்க, கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினா சிக்னல் நிக்காது. அப்புறம் அந்த எடத்துல தாழை இருக்கா, மணலான்னு படகுக்காரர் கிட்ட இப்பவே கேட்டுருங்க. தாழைன்னா நங்கூரத்துக்குப் பதிலா கோல் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.